முதல் தொடுகை: மாத்தளையும் எங்கள் கரப்பந்தாட்டமும்

நூற்றாண்டு மலருக்காக எமது கல்லூரியின் கரப்பந்தாட்ட வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, கண்ணாடி அலுமாரியில் இருக்கும் கேடயங்களை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினால் போதும் என்றே நினைத்தோம். ஆனால் தொண்ணூறுகளில் ஒரே அணியில் ஆடிய நாங்கள் நால்வர் ஒரு போயா விடுமுறையன்று கூடி ஞாபகங்களைக் கிளறியபோது, கேடயங்கள் பேச்சில் வரவேயில்லை. யார் நன்றாகப் பாஸ் எடுத்தாள், யாரால் முடியாமற் போனது, ஏன் முடியாமற் போனது என்பதையே இரண்டு மணி நேரம் பேசினோம். ஒருத்தியின் பேச்சு வந்தபோது மட்டும் எல்லோரும் சற்று மௌனமானோம். அந்த மௌனத்துக்கான காரணத்தைத் தேடிப்போனால் அது எங்கள் காலத்துக்கு வெகு முன்னே, இதே மாத்தளை மண்ணில் தொடங்குகிறது. ஆதலால் கேடயங்களின் பட்டியலைப் பிற்சேர்க்கைக்கு விட்டுவிட்டு, பாஸின் கதையை இங்கே எழுதுகிறோம்.

ஆடிப் பழகாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எதிரணியில் ஒருத்தி பின்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை அடித்து அனுப்புவது சேர்விஸ். அதை முதலில் வாங்கி, வலையருகே நிற்கும் செட்டரின் தலைக்கு மேலே பதமாகப் போய் இறங்கும்படி அனுப்புவது பாஸ். செட்டர் அதை உயர்த்திக் கொடுக்க, மூன்றாமவள் பாய்ந்து அறைவாள். கைதட்டல் முழுவதும் மூன்றாமவளுக்கே போகும். ஆனால் முதல் தொடுகை பிழைத்துவிட்டால் செட்டருக்கும் வேலையில்லை, அறைபவளுக்கும் வேலையில்லை.

1916: இரண்டு வருகைகள்

1895 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பணிப்பாளராக இருந்த வில்லியம் மோர்கன் இந்த விளையாட்டை உருவாக்கினார். கூடைப்பந்தாட்டத்தின் ஓட்டத்துக்கும் மோதலுக்கும் ஈடுகொடுக்க முடியாத வயதினருக்கு ஒரு மென்மையான ஆட்டம் வேண்டும் என்பதே அவரது எண்ணம். ஆரம்பத்தில் ஒரு பக்கத்தில் எத்தனை பேரும் நிற்கலாம், பந்தை எத்தனை தரமும் தொடலாம். 1918 இல் பக்கத்துக்கு அறுவர் என்ற விதியும், 1920 இல் மூன்று தொடுகைக்குள் பந்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற விதியும் வந்தன. பாஸ் என்ற தனிக் கலை பிறந்தது இந்த மூன்று தொடுகை விதியால்தான். எண்ணிக்கை மூன்றாகச் சுருங்கியதும் முதல் தொடுகையை வீணாக்க முடியாமற் போனது.

இலங்கைக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவரும் ஒரு வை.எம்.சி.ஏ. பணிப்பாளரே. கொழும்பு வை.எம்.சி.ஏ. இல் பணியாற்றிய வோல்டர் கெமெக் 1916 இல் அதை இங்கே அறிமுகப்படுத்தினார்.

அதே 1916 இல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு முயற்சியும் இலங்கைக்கு வந்தது. அது வந்திறங்கிய இடம் எங்கள் மாத்தளை. ரொக்பெல்லர் மன்றத்தின் சர்வதேச சுகாதாரச் சபை, கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில்தான் தொடங்கியது.

மாத்தளையில் தொடங்கியதில் வியப்பில்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரில் கரையேறிக் காட்டு வழியே நடந்து வந்த எங்கள் முன்னோர் பலருக்கு மலைநாட்டின் வாசலாக இருந்தது இவ்வூர். 1880 இல் புகையிரதப் பாதை மாத்தளை வரை வந்தது. கோப்பி அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. லயன்கள் நெருக்கமாகக் கட்டப்பட்டன. மலசலகூடங்கள் இல்லை, காலில் செருப்பில்லை. கொக்கிப்புழுவின் குடம்பி ஈர மண்ணிலிருந்து பாதத்துத் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். பின்னர் சிறுகுடலை அடைந்து, சுவரில் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு துளிக்கும் குறைவுதான். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தால் ஆளின் முகம் வெளிறிப்போகும், மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், நின்ற இடத்திலேயே உட்காரத் தோன்றும்.

அப்படி உட்கார்ந்த தொழிலாளிக்குத் துரைமாரும் கங்காணிமாரும் வைத்த பெயர் சோம்பேறி. இங்கு மட்டுமல்ல, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இப்புழு பரவலாகக் கண்டறியப்பட்ட 1902 அளவில் அங்குள்ள பத்திரிகைகளும் இதைச் ‘சோம்பல் கிருமி’ என்றே எழுதின. புழுவுக்கு மருந்து கொடுத்து, மலசலகூடம் கட்டியபோது சோம்பல் என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி இரத்தச்சோகை என்பது தெரியவந்தது.

பந்தும் புழு மருந்தும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலே. ஆனால் எண்பது ஆண்டுகளுக்குப் பின் எமது கல்லூரி மைதானத்தில் அவை இரண்டும் சந்தித்தன. அதற்கு வருமுன், பாஸ் எப்படி வளர்ந்தது என்பதையும் பார்த்துவிடுவோம்.

விரலிலிருந்து முன்கைக்கு

தொடக்க காலத்தில் சேர்விஸையும் தலைக்கு மேலே விரல்களால்தான் வாங்கினார்கள். பந்து விரல்களில் ஒரு கணம் தங்கினாலும், இரு கைகளிலும் வெவ்வேறு நேரத்தில் பட்டாலும் நடுவர் குற்றம் என்று ஊதுவார். சேர்விஸின் வேகமும் கூடக்கூட, இரு முன்கைகளையும் சேர்த்து ஒரு பலகைபோல நீட்டி அதில் பந்தைப் படவைக்கும் முறை 1950களின் இறுதியில் ஐரோப்பாவில் பரவியது. இன்று நாம் பாஸ் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பெண்களின் ஆட்டத்தில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர். ஒசாக்காவுக்கு அருகே கைசூக்காவில் இருந்த நிச்சிபோ நெசவாலையின் பணியாளர்களைக் கொண்டு பயிற்றுநர் ஹிரோபுமி டைமட்சு ஓர் அணியைக் கட்டினார். பகலில் ஆலை வேலை, அதன்பின் இரவு நெடுநேரம் வரை பயிற்சி. பந்துக்காகப் பாய்ந்து விழுந்து, தரையில் உருண்டு, அந்த உருளலிலேயே எழுந்து நிற்கும் முறையை அவர்கள் பழகினார்கள். எங்கள் அம்மம்மாமார் வீட்டுத் தலையாட்டிப் பொம்மை எப்படிச் சாய்த்தாலும் நிமிருமோ அப்படி. 1962 இல் மொஸ்கோவில் உலகச் சம்பியன் பட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு ஒரு குழு விளையாட்டு சேர்க்கப்பட்டது. அது கரப்பந்தாட்டம். இறுதியில் சோவியத் அணியை வென்ற ஜப்பான் அணியில் பெரும்பாலானோர் அந்த நெசவாலைப் பெண்களே.

டைமட்சுவின் கடுமையை இன்று எந்த வைத்தியரும் பரிந்துரைக்க மாட்டார். ஆனால் உயரத்தில் ஐரோப்பியரைவிடக் குறைந்த பெண்கள் முதல் தொடுகையின் பலத்தால் உலகை வெல்லலாம் என்பதை அவர்கள் நிரூபித்தார்கள். உயரம் வலையருகே தேவை. பாஸுக்கு வேண்டியது வேறு.

சரிவான மைதானம்

இலங்கைக் கரப்பந்தாட்டச் சம்மேளனம் 1951 இல் அமைந்தது. 1991 இல் கரப்பந்தாட்டம் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நாங்கள் அப்போது சின்ன வகுப்புகளில் இருந்தோம். எண்பதுகளின் இறுதியில் நாட்டுக் குழப்பத்தால் அடிக்கடி மூடிக்கிடந்த பாடசாலைகள் திறந்து, பிள்ளைகள் மீண்டும் மைதானத்துக்கு இறங்கிய காலம் அது.

தோட்டங்களில் கரப்பந்தாட்டம் அதற்கு முன்பே இருந்தது. மாலையில் லயனுக்கு முன்னால், கொட்டில் பக்கத்தில், எங்கே கொஞ்சம் சமதரை கிடைத்ததோ அங்கே இரண்டு கம்பு நட்டு, கயிறு கட்டி அண்ணன்மார் ஆடினார்கள். தங்கைமார் தண்ணீர்க் குடத்தோடும் விறகோடும் அதைக் கடந்து போனார்கள். வெளியே போன பந்தை எடுத்து எறிந்ததுதான் எங்களிற் பலருக்கு முதற் பயிற்சி.

18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை மலைநாட்டுப் பாடசாலைக்கு ஒரு பெரிய சொத்து. எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கீழ்ப்பக்கம் ஆடும் அணியின் பந்து கானுக்குள் உருளும். பந்துகள் இரண்டு, அதில் ஒன்று தையல் விட்டது. அரைக்காற்சட்டை அணிவது பற்றி வீடுகளில் எழுந்த விவாதங்களைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். மாதவிடாய் நாட்களில் ஒருத்தி ஏன் பயிற்சிக்கு வரவில்லை என்று எவரும் கேட்கவும் மாட்டோம், அவள் சொல்லவும் மாட்டாள். வரவுப் பதிவில் அது அக்கறையின்மை என்றே கணக்காகும்.

முதல் பத்துப் பந்துகள்

எங்கள் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் 7 ஆம் இலக்கம் அணிந்தவள் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவிலிருந்து வந்தாள். விடியுமுன் எழுந்து மலையிறங்கி நடந்து, பிறகு பஸ். பஸ் பிந்தினால் அவளும் பிந்துவாள். பிந்தி வருபவர்களுக்கு அக்காலத்தில் ஒரு தண்டனை இருந்தது: சுவரில் பந்தை அடித்து ஐம்பது பாஸ். வாரத்தில் மூன்று நாள் அவள் அதைச் செய்தாள்.

ஆகவே அவளது கைகளுக்குப் பாஸ் நன்றாகவே தெரியும். பயிற்சியின் முதல் பத்துப் பந்துகளைப் பார்த்தால், அணியிலேயே அவளுடையவைதான் அழகு. கை வீசமாட்டாள், முன்கை ஆடாது, பந்து செட்டரின் நெற்றிக்கு நேரே போய் இறங்கும். இருபதாவது பந்துக்கு மேல் நிலைமை மாறும். முழங்கால் மடியாது. கால் நகராமல் கையை மட்டும் எட்டி நீட்டுவாள். பந்து பக்கவாட்டில் பறக்கும். “முழங்காலை மடி, பிள்ளை!” என்ற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்கும்.

அன்றைய விதிப்படி சேர்விஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி. பாஸ் பிழைத்தால் புள்ளியும் அவர்களுக்கு, அடுத்த சேர்விஸும் அவர்களுக்கு. வலயப் போட்டி ஒன்றின் கடைசிச் சுற்றில் எதிரணியின் சேர்விஸ்காரி இதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்தடுத்து ஆறு பந்துகள் 7 ஆம் இலக்கத்துக்கே வந்தன. ஆறும் போயின. ஆட்டமும் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் எங்களில் ஒருத்தி அவளைப் பார்த்து “சோம்பேறி” என்றாள். மற்றவர்கள் மறுக்கவில்லை. அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தவணையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்த டொக்டர் வரிசையில் நின்ற அவளது கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். “மகள், மேடு ஏறும்போது மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். “காலையில என்ன சாப்பிட்டீங்க?” “ரொட்டி, பிளேன்டீ.” புழு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதப்பட்டன. மாத்திரையைத் தேநீரோடு குடிக்கக் கூடாது, தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்றும் சொல்லி அனுப்பினார். இரண்டு மூன்று மாதங்களில் இருபதாவது பந்துக்கும் அவள் முழங்கால் மடிந்தது.

எங்களுள் பின்னாளில் வைத்தியத்துறைக்கு வந்தவர்களுக்கு முதற்பாடம் அந்த இமையில்தான் கிடைத்தது. இன்று அதை விளக்கிச் சொல்ல முடிகிறது. பாடசாலை மட்டத்தில் ஒரு சேர்விஸ் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைத்தால், வாங்குபவளை அடைய ஏறக்குறைய ஒரு செக்கன்தான். கண் கண்டு உடல் அசையத் தொடங்கவே அதில் ஐந்திலொரு பங்கு போய்விடும். மீதி நேரத்தில் காலால் பந்துக்குப் பின்னால் போக வேண்டும், இடுப்பைத் தாழ்த்த வேண்டும், முன்கையைச் செட்டர் பக்கம் சாய்த்து அசையாமல் வைக்க வேண்டும். 260 முதல் 280 கிராம் வரை எடையுள்ள பந்துக்குக் கைப்பலம் அதிகம் தேவையில்லை. பாஸ் எடுப்பது கால்களே. தொடைத் தசைக்கு ஒட்சிசன் கொண்டுபோவது இரத்தத்தின் ஈமோகுளோபின். பதின்ம வயதுப் பெண்ணுக்கு அது டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அது குறைந்தவள் முதல் பத்துப் பந்துக்குக் குனிவாள். அதன்பின் உடல் தானாகவே நிமிர்ந்துவிடும்.

முதல் பத்தும் நன்றாக, பின்னவை மோசமாக ஒரு பிள்ளை ஆடினால் அவளிடம் திறமை இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது. அவளது உணவையும் உறக்கத்தையும் இரத்தத்தையும் பாருங்கள். இதைத்தான் அன்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

தண்டனையாகிப் போன பயிற்சி

உடல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. எங்கள் அணியில் இன்னொருத்தி இருந்தாள். உயரமானவள், நல்ல சாப்பாடு, நகரத்து வீடு. பாய்ந்து அறைந்தால் பந்து கானுக்கு அப்பால் போகும். அவளுக்கும் பாஸ் வரவில்லை. “பாஸ் உன் வேலையில்லை” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டதால் அவள் முயலவேயில்லை. சேர்விஸ் தன்னிடம் வரும்போது ஓரடி விலகிப் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பாள்.

அறைதலுக்குக் கேடயம் இருந்தது. பாஸுக்குத் தண்டனை இருந்தது. பிந்தி வந்தவள்தான் சுவரோடு பாஸ் அடிப்பாள் என்றால், எந்தப் பிள்ளை அதை விரும்பிப் பழகும்?

உளவியல் இதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறது. 1971 இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி, புதிர்க்கட்டைகளைப் பொருத்தும் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பணம் கொடுத்துப் பார்த்தார். பணம் நின்றபின், அவர்கள் ஓய்வு வேளையில் தாமாகவே புதிரைத் தொடுவது குறைந்தது. பின்னர் அவரும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து, மனிதருக்கு உள்ளூக்கம் தருவன மூன்று என்றனர்: தானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. அந்தப் பஸ்ஸில் 7 ஆம் இலக்கத்திடமிருந்து இந்த மூன்றையும் நாங்கள் ஒரே சொல்லில் பறித்திருந்தோம்.

எங்கள் காலத்தின் பிற்பகுதியில் வந்த உடற்கல்வி ஆசிரியை எந்த நூலையும் மேற்கோள் காட்டவில்லை. சுவர்த் தண்டனையை நிறுத்தினார். ஒரே மாதிரியான ஐம்பது பந்துக்குப் பதிலாக, ஒன்று கிட்ட, ஒன்று தூர, ஒன்று மிதந்து வருவதாக மாற்றி மாற்றிப் போட்டார். பயிற்சி வேளையில் நாங்கள் அதிகம் பிழைவிட்டோம், போட்டியில் குறைவாகப் பிழைவிட்டோம். கலந்து பழகுவது அப்போதைக்குத் தடுமாற வைத்தாலும் பின்னர் நிலைத்து நிற்கும் என்று ஷீ, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் 1979 இலேயே காட்டியிருந்ததைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபின்தான் அறிந்தோம். பந்து வரும்போது “நான்!” என்று கூவும் பொறுப்பை 7 ஆம் இலக்கத்திடம் கொடுத்தார். உயரமானவளையும் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, “இவ கூப்பிடாத பந்து உன்னுடையது” என்றார். இரண்டு வாரத்தில் அவள் விலகுவதை நிறுத்தினாள்.

பாஸ் எடுப்பவளின் பெருமையை உலகமும் பிந்தித்தான் ஒப்புக்கொண்டது. வாங்குவதற்கும் காப்பதற்கும் மட்டுமே ஒரு வீராங்கனை, வேறு நிறச் சட்டையோடு, லிபெரோ என்ற பெயரில் 1998 இல் சர்வதேச விதிகளில் இடம்பெற்றாள். எங்கள் 7 ஆம் இலக்கத்துக்கென்றே வைத்தது போன்ற இடம் அது. அது வருமுன் அவள் போய்விட்டாள்.

சாதாரண தரப் பரீட்சையோடு அவளது படிப்பு நின்றது. கட்டுநாயக்கவில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். கைசூக்கா நெசவாலைப் பெண்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நாங்கள் அவளைத்தான் நினைப்போம். அவர்களுக்கு ஆலைக்குள்ளேயே ஒரு களமும் பந்தும் பயிற்றுநரும் இருந்தார்கள். அவளுக்கு இருந்தது தையல் இயந்திரமும் இரவு வேலையும் மட்டும்.

நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள்

இன்று பாடசாலைகளில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. பிள்ளைகள் சப்பாத்து அணிகிறார்கள். 1916 ஐ விட, 1996 ஐ விட எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம். ஆனால் மாத்திரையைப் புத்தகப் பைக்குள் ஒளிக்கும் பிள்ளைகளும், காலையுணவில்லாமல் முதல் பஸ் ஏறும் பிள்ளைகளும், மாதவிடாய் காரணமாக அணியிலிருந்து மெல்ல நழுவும் பிள்ளைகளும் இன்னும் எங்கள் சிகிச்சை நிலையங்களுக்கு வருகிறார்கள்.

ஆகவே சங்கத்துக்கு எங்கள் அணியின் சார்பில் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக இன்னொரு கேடயம் வேண்டாம். பயிற்சி நாட்களில் அவித்த கடலையும் முட்டையும், தூரத்துப் பிள்ளைகளுக்குத் திரும்பிப் போகும் பஸ் காசும், ஆளுக்கொரு நல்ல பந்தும் கிடைக்க ஒரு சிறு நிதியம் அமைப்போம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் வெளிறிய பிள்ளையைக் கண்டால், மருந்து முடியும் வரை விசாரிக்க எங்களில் ஒருவர் பொறுப்பேற்போம். சாதாரண தரத்தோடு மைதானத்தை விட்டுப் போகும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் திரும்பி வந்து ஆடக் கல்லூரி வாயிலைத் திறந்து வைக்க அதிபரிடம் கேட்போம்.

இந்த மலர் 7 ஆம் இலக்கத்தின் கைக்கும் எப்படியாவது போய்ச் சேரும் என்று நம்புகிறோம். அந்தப் பஸ்ஸில் சொன்ன சொல் பிழை. சொன்னவளும் சும்மா இருந்தவர்களும் சேர்ந்து அதை இங்கே மீளப் பெறுகிறோம். சனிக்கிழமைகளில் களம் திறந்தால், பின்வரிசையில் உனது இடம் வெறுமையாகவே இருக்கும். மகளையும் கூட்டிக்கொண்டு வா.